முதலில் இறங்குவது அழுத்தம்

புவிவெப்ப மின்சாரம் என்று பேச்செடுத்தாலே எதிரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பூமிக்குள்ள இருக்கற சூட்டை இப்படி எடுத்துக்கிட்டே இருந்தா ஒரு நாள் தீர்ந்துடாதா?" ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டிருக்கிறார். அமைச்சகத்து அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள். புதிதாகச் சேரும் மாணவர்களில் யாராவது ஒருவர் ஆண்டுதோறும் கேட்கிறார். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் ஒரு புவிவெப்ப வயலில் சூடு குறைவதற்கு வெகு காலம் முன்பே வேறொன்று குறையத் தொடங்கிவிடுகிறது. அது அழுத்தம். நிலத்தடியில் அந்த அழுத்தம் எங்கே எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் இறங்குகிறது, என்ன செய்தால் இறக்கம் நிற்கும் என்று கண்டறிவதே ஜியோதெர்மல் ரிசர்வாயர் இன்ஜினியரிங். நான் படித்ததும் அதைத்தான், இன்று பாடம் நடத்துவதும் ஆராய்வதும் அதைத்தான்.

ரிசர்வாயர், அதாவது தேக்கம், என்றதும் நிலத்துக்கு அடியில் கொதிக்கும் ஏரி ஒன்றை மனம் கற்பனை செய்துகொள்கிறது. அப்படி ஏதும் அங்கே இல்லை. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் பாறை. பாறைக்குள் விரிசல்களும் நுண்துளைகளும். அவற்றில் அழுத்தத்தின் பிடியில் கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும் வெந்நீர். நூற்றுக்குப் பத்துப் பங்கு இடம் நீருக்கு என்று வைத்துக்கொண்டால், அந்தத் தேக்கத்திலுள்ள வெப்பத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு பாறையில்தான் இருக்கிறது. ஒரு கன கிலோமீட்டர் பாறையை 100 டிகிரி குளிர்வித்து, அதில் கிடைக்கும் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கை மின்சாரமாக்க முடிந்தால் 30 ஆண்டுகளுக்கு 20 மெகாவாட்டுக்கு மேல் ஓட்டலாம். நல்ல வயல் என்றால் இப்படிப் பல கன கிலோமீட்டர் இருக்கும். ஆகவே சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பாறையின் சூடு தானாக மேலே வராது. அதைச் சுமந்துவர நீர் வேண்டும். நீரைக் கிணற்றை நோக்கித் தள்ள அழுத்தம் வேண்டும். 250 டிகிரியில் இருக்கும் நீர் கொதிக்காமல் இருக்கவே சுமார் 40 பார் அழுத்தம் தேவை (ஒரு பார் என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்). அதற்குக் கீழே போனால் நீர் தேக்கத்துக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கும். கிணற்றின் போக்கு மாறும். மேலே நிலத்தின் போக்கும் மாறும்.

உலகம் இந்தப் பாடத்தைக் கற்ற இடம் நியூசிலாந்தின் வைராகெய்.

இத்தாலியின் லார்தெரெல்லோவில் 1904-ஆம் ஆண்டிலேயே இளவரசர் பியெரோ ஜினோரி கோன்டி நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவைத்துவிட்டார். 1913-இல் அங்கே 250 கிலோவாட் நிலையமும் வந்துவிட்டது. ஆனால் லார்தெரெல்லோக் கிணறுகளில் வருவது உலர்ந்த நீராவி. அதை நேராக டர்பைனுக்கு அனுப்பலாம். வைராகெயில் வருவதோ வெந்நீரும் ஆவியும் கலந்தது. இரண்டையும் பிரித்து, ஆவியை மட்டும் டர்பைனுக்குக் கொடுத்துப் பெரிய அளவில் மின்சாரம் எடுத்த முதல் இடம் அதுதான். 1958 நவம்பரில் ஓடத் தொடங்கியது. பிரித்தெடுத்த வெந்நீரை வைக்காட்டோ ஆற்றில் விட்டார்கள். எடுத்ததைத் திரும்ப நிலத்துக்குள் செலுத்தவேண்டும் என்ற எண்ணம் அன்று யாருக்கும் இல்லை.

அடுத்த இருபது ஆண்டுகளில் தேக்கத்தின் அழுத்தம் ஏறத்தாழ 25 பார் இறங்கியது. கெய்சர் பள்ளத்தாக்கில் சுற்றுலாப் பயணிகள் கூடி நின்று பார்த்த வெந்நீர் ஊற்றுகள் ஒவ்வொன்றாக வற்றின. அதே காலத்தில், சில கிலோமீட்டர் தள்ளியுள்ள கராபிட்டியில் நிலத்திலிருந்து கிளம்பும் ஆவி பல மடங்கு பெருகியது. ஒரே வயலில் ஓர் ஓரம் வற்றுகிறது, மறு ஓரம் சீறுகிறது. பார்ப்பவருக்குப் புதிராக இருக்கும். அழுத்தத்தை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அழுத்தம் இறங்கியதால் ஊற்றுவரை ஏறிவந்த நீர்மட்டம் கீழே போயிற்று. மேல்பகுதியில் நீர் கொதித்து ஆவிப் படலம் உண்டாயிற்று. அந்த ஆவி தனக்கு வழி கிடைத்த கராபிட்டியில் வெளியேறியது. நிலமும் தாழ்ந்தது. தேக்கத்துக்கு மேலேயுள்ள மென்மையான களிப்பாறை அடுக்குகளிலிருந்து நீர் வடிந்து அவை அமுங்கின. மிக மோசமான இடத்தில் தாழ்ச்சி சுமார் 15 மீட்டர். நாலைந்து மாடி உயரம்.

பிறகு நடந்ததுதான் என்னை இந்தத் துறையோடு கட்டிப்போட்டது. அழுத்தம் இறங்கி இறங்கி ஓரிடத்தில் நின்றது. மேலே எடுப்பது தொடர்ந்தது, ஆனாலும் இறக்கம் நின்றது. அழுத்தம் குறைந்ததாலேயே ஆழத்திலிருந்து வெந்நீர் முன்பைவிட வேகமாக உள்ளே வரத் தொடங்கியிருந்தது. எடுப்பதும் வருவதும் ஏறக்குறைய சமனாயின. வைராகெய் செத்துவிடும் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த வயல் அரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் மின்சாரம் தருகிறது. 2014-இல் தெ மிஹி என்ற புதிய நிலையமும் அங்கே சேர்ந்தது. புவிவெப்பத்தை ஆதரிப்பவர்கள் வைராகெயை வெற்றிக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். எதிர்ப்பவர்கள் வற்றிய ஊற்றுகளையும் தாழ்ந்த நிலத்தையும் காட்டுகிறார்கள். இரண்டும் உண்மை. ஒரே வரைபடத்தின் இரண்டு பகுதிகள் அவை. அந்த வரைபடம் நம் கையில் இருப்பதற்குக் காரணம், 1950-களிலிருந்து யாரோ சிலர் விடாமல் அளந்து எழுதிவைத்ததுதான்.

அளப்பது என்றால் என்ன என்று சொல்லவேண்டும்.

ஒரு கிணறு துளையிட்டு முடிந்ததும் எங்கள் வேலை தொடங்குகிறது. முதலில் பச்சைத்தண்ணீரை உள்ளே பம்ப் செய்கிறோம். படிப்படியாக வேகத்தைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் கீழே அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கிறோம். ஒரு பார் அழுத்தம் ஏறுவதற்கு மணிக்கு எத்தனை டன் தண்ணீரைக் கிணறு குடிக்கிறது என்ற கணக்கு, பாறை எவ்வளவு திறந்த மனதோடு இருக்கிறது என்று சொல்லிவிடும். பிறகு பம்பை நிறுத்தி, வால்வை மூடி, கிணற்றைத் தன் போக்கில் சூடாக விடுகிறோம். ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என்று இடைவெளி விட்டுக் கருவியைக் கம்பியில் இறக்கி, மேலிருந்து அடிவரை வெப்பநிலையையும் அழுத்தத்தையும் எடுக்கிறோம்.

அந்த அழுத்தக் கோடுகளை ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து பாருங்கள். முதல் நாள் கிணற்றில் குளிர்ந்த நீர், கனமானது, ஆகவே ஆழம் போகப்போக அழுத்தம் வேகமாக ஏறும். ஒரு மாதம் கழித்து நீர் சூடாகி இலேசாகியிருக்கும். கோட்டின் சாய்வு மாறியிருக்கும். மேல்பகுதியில் அழுத்தம் முன்பைவிடக் கூடியிருக்கும், அடிப்பகுதியில் குறைந்திருக்கும். எல்லாக் கோடுகளும் நடுவில் ஓர் ஆழத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அந்த ஒரு புள்ளி மட்டும் நாள் மாறினாலும் மாறாது. ஏன்? கிணறு பாறைக்கு மிக நன்றாகத் திறந்திருக்கும் இடம் அதுதான். அங்கே கிணற்றின் அழுத்தத்தைக் கிணறு தீர்மானிப்பதில்லை, பாறை தீர்மானிக்கிறது. கிணற்றுக்குள் உள்ள நீர் எப்படி மாறினாலும் அந்த இடத்தில் தேக்கத்தின் அழுத்தத்துக்குக் கட்டுப்பட்டே தீரவேண்டும். இரண்டு கிலோமீட்டர் நீளக் கிணற்றில் அளந்த எண்கள் அத்தனையிலும், தேக்கத்தின் உண்மையான அழுத்தம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்கக்கூடியது அந்தப் புள்ளியின் எண் ஒன்றுதான். மற்றவை கிணற்றின் சொந்த விவகாரம்.

இந்தப் பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும், கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் திரையில் தெரியும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி குறைவதில்லை. மால்கம் கிராண்ட், இயன் டொனால்ட்சன், பால் பிக்ஸ்லி மூவரும் 1982-இல் வெளியிட்ட நூல் இந்தத் துறைக்கு இலக்கணம் போன்றது. வைராகெயிலும் அதன் அண்டை வயல்களிலும் பிறந்த அறிவு அதில் இருக்கிறது. கிணறு சொல்வது வேறு, தேக்கம் சொல்வது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே என்பதுதான் அந்த நூல் முழுக்க ஓடும் எச்சரிக்கை.

திருச்சியிலிருந்து வந்த மாணவர் ஒருவர் வெப்பநிலைக் கோடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "சார், 700 மீட்டர்ல இருந்து 1,400 வரைக்கும் 240 டிகிரி அப்படியே நேரா நிக்குது. ரிசர்வாயர் 700 மீட்டர் தடிமன்னு எழுதிடலாமா?"

"எழுதாதீங்க தம்பி. பாறையில இவ்வளவு நேரான கோடு கிடைக்காது. 700-ல உள்ள வர்ற தண்ணி கிணத்துக்குள்ளேயே இறங்கி 1,400-ல வெளிய போயிட்டிருக்கு. நீங்க அளந்திருக்கறது ஓடற தண்ணியோட சூடு. நடுவுல இருக்கற பாறை என்ன சூடுன்னு இந்தக் கோடு சொல்லவே இல்ல."

அவர் அமைதியாகக் கொஞ்ச நேரம் கோட்டைப் பார்த்தார். "அப்ப 1,400-ல அழுத்தம் 700-ஐவிடக் குறைச்சலா இருக்கணுமே சார், கிணத்துத் தண்ணியோட எடையக் கழிச்சுட்டா?" என்றார். அந்தக் கேள்வி வந்துவிட்டால் போதும். அதற்கு மேல் நான் சொல்லித்தர வேண்டியது அதிகமில்லை.

இப்போது அளவுக் கருவிகள் மின்னணுக் கருவிகள். நொடிக்கு நொடி எண்கள் கொட்டும். நான் கற்ற காலத்தில் அமெராடா என்ற பழைய அளவுக் கருவியை இன்னும் அலமாரியில் வைத்திருந்தார்கள். பெரியவர் ஒருவர் அதைப் பிரித்துக் காட்டினார். நீண்ட எஃகுக் குழாய். உள்ளே சாவி கொடுத்த கடிகாரம் ஒன்று மெல்லிய உலோகத் தகட்டை மெதுவாக நகர்த்தும். அழுத்தத்துக்கு ஏற்பத் திரும்பும் ஊசி அந்தத் தகட்டில் கீறும். மேலே எடுத்தபின் தகட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, கீறல் எத்தனை தூரம் விலகியிருக்கிறது என்று அளந்து, அட்டவணை பார்த்து அழுத்தமாக மாற்றவேண்டும். வைராகெயின் 25 பார் இறக்கம் அத்தகைய முடியளவு கீறல்களிலிருந்து எழுந்த செய்தி. அந்தத் தகடுகளை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால்தான் கோடு தெரியும். எந்தக் கிணறு, எந்த நாள், எந்த ஆழம் என்று பக்கத்தில் பென்சிலால் எழுதியிருந்தவரின் கையெழுத்து ஒரே சீராக இருந்தது. அந்தச் சீர்தான் ஆராய்ச்சி என்று அன்று புரிந்துகொண்டேன்.

எங்கள் கணிதம் எங்களுடையதல்ல. 1935-இல் தைஸ் நிலத்தடி நீருக்காக எழுதிய சமன்பாடும், 1951-இல் ஹார்னர் எண்ணெய்க் கிணறுகளுக்காகச் சொன்ன வரைபட முறையும்தான் அடித்தளம். 1969-இல் வைட்டிங், ரேமி இருவரும் எண்ணெய்த் துறைக்காரர்களின் இருப்புக் கணக்கை எடுத்து வைராகெய்க்குப் போட்டுப் பார்த்தார்கள். தேக்கம் முழுவதையும் ஒரே பெட்டியாக வைத்துப் போட்ட கணக்கு. ரேமி ஸ்டான்ஃபோர்டில் ஆசிரியராக இருந்தவர். 1975-இல் அங்கே தொடங்கிய புவிவெப்பப் பயிலரங்கு இன்றும் நடக்கிறது. எண்ணெய், நிலத்தடி நீர், நிலவியல், வேதியியல் என நான்கு வீட்டுப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் வளர்ந்த துறை இது. ஒன்றை மட்டும் படித்தவர் இங்கே காலூன்ற முடியாது. ஊற்று நீரிலுள்ள சிலிக்காவைப் பார்த்து ஆழத்து வெப்பநிலையைச் சொல்லும் வேதியியலாளரை மதிக்காத பொறியாளர் விரைவில் விழிபிதுங்குவார்.

கணினி மாதிரி பற்றிச் சொல்லாவிட்டால் என் சக ஆசிரியர்கள் கோபிப்பார்கள். தேக்கத்தை ஆயிரக்கணக்கான கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நீர் கசியும் திறனைக் கொடுத்து, அடியிலிருந்து வெப்பத்தையும் வெந்நீரையும் செலுத்தி, மனிதன் கைவைக்காத காலத்து நிலை அமையும்வரை பல்லாயிரம் ஆண்டுகளைக் கணினியில் ஓட்டுகிறோம். அதில் வரும் வெப்பநிலை, முதல் கிணறுகளில் அளந்ததோடு ஒத்துப்போகவேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கசிவுத்திறனை மாற்றி மறுபடி ஓட்டவேண்டும். பிறகு உற்பத்திக் காலம்: எடுத்த ஒவ்வொரு டன்னையும் மாதிரியிலிருந்தும் எடுத்து, அழுத்தம் அளந்தபடியே இறங்குகிறதா என்று பார்க்கவேண்டும். இதற்கெல்லாம் பிறகுதான் வருங்காலத்தைப் பற்றி வாய் திறக்கலாம். ஒரே அளவீடுகளுக்குப் பொருந்தும் மாதிரிகள் பல உண்டு. அவற்றில் எது மெய்க்கு அருகில் என்பதைத் தீர்மானிப்பது பதிவின் நீளம். ஐந்தாண்டுப் பதிவுக்கு எந்த மாதிரியையும் பொருத்திவிடலாம். ஐம்பதாண்டுப் பதிவு பொய் மாதிரியைத் தயவு பார்க்காமல் தள்ளிவிடும்.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் ஓ'சல்லிவனும் அவருடன் பணியாற்றியவர்களும் வைராகெய் மாதிரியைப் பல பத்தாண்டுகளாகத் திருத்தித் திருத்தி வளர்த்திருக்கிறார்கள். நூறு ஆண்டு உற்பத்தி செய்துவிட்டு நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவர்கள் ஓட்டிப் பார்த்தார்கள். அழுத்தம் விரைவிலேயே மீண்டுவிடுகிறது. வெப்பநிலை மீளச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் சொன்ன கேள்விக்கு நான் தரும் முழு விடை இதுதான்: முதலில் இறங்குவது அழுத்தம், முதலில் ஏறுவதும் அழுத்தம். சூடு தாமதமாகப் போகும். போனால் தாமதமாகத்தான் வரும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற முத்திரையைச் சூரியனுக்கும் காற்றுக்கும் கேள்வியில்லாமல் குத்தலாம். புவிவெப்பத்துக்கு அப்படிக் குத்த முடியாது. எந்த வேகத்தில் எடுக்கிறோம், எடுத்ததில் எவ்வளவைத் திருப்பித் தருகிறோம், எங்கே தருகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பெயருக்கு அது தகுதி பெறும்.

திருப்பித் தருவதில்தான் எங்கள் கலை முழுதும் சோதனைக்கு வருகிறது. கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் வயல் 1960-இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. பல நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு நிலையம் கட்டின. உற்பத்தி 1980-களின் பிற்பகுதியில் உச்சம் தொட்டு, பிறகு நீராவி சரியத் தொடங்கியது. அது லார்தெரெல்லோ போன்ற உலர்ந்த வயல். பாறையில் சூடு அப்படியே இருந்தது. சுமந்துவர நீர்தான் இல்லை. அடுப்பிலிருந்து இறக்கிய வெறும் மண்சட்டியில் ஒரு கை தண்ணீர் தெளித்தால் சுரீரென்று ஆவியாகும் அல்லவா, அதே கணக்குத்தான். 1997 முதல் லேக் கவுண்டியின் சுத்திகரித்த கழிவுநீரையும், 2003 முதல் சாண்டா ரோசா நகரத்தின் கழிவுநீரையும் குழாய்களில் மலையேற்றி உள்ளே செலுத்தினார்கள். சரிவு தணிந்தது. நகரத்துக்குக் கழிவுநீர்ச் சிக்கல் தீர்ந்தது. இந்தத் துறையில் நான் மிகவும் வியக்கும் பொதுப்பணி அது. சிறு நிலநடுக்கங்கள் கூடின என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவற்றை அளந்து வெளியிட்டுக்கொண்டே இருப்பதால்தான் அந்தத் திட்டம் அக்கம்பக்கத்து மக்களோடு நிலைத்திருக்கிறது.

ஆனால் கண்ட இடத்தில் தண்ணீரைச் செலுத்தினால் ஆபத்து. செலுத்திய குளிர்ந்த நீர் ஒரு விரிசல் வழியே நேராக உற்பத்திக் கிணற்றுக்கு ஓடிவந்துவிடும். பிலிப்பைன்சின் பாலின்பினான் வயலில் 1980-களில் இப்படி நடந்து, செலுத்தும் இடத்தைத் தள்ளி மாற்றினார்கள். முன்கூட்டி அறிய வழி உண்டு: செலுத்தும் நீரில் தடமறியும் வேதிப்பொருள் ஒன்றைக் கலந்துவிட்டு, சுற்றியுள்ள கிணறுகளில் அது எப்போது, எவ்வளவு தலைகாட்டுகிறது என்று காத்திருப்பது. வேதிப்பொருள் சில நாளில் வந்துவிடலாம். குளிர்ச்சி அப்படி வராது. வழியிலுள்ள பாறையைக் குளிர்வித்துக்கொண்டுதான் அது முன்னேற முடியும். நீர் பாறை முழுவதும் பரவிச் சென்றால் குளிர்ச்சி நீரைவிட ஏழெட்டு மடங்கு மெதுவாக நகரும். ஒரே விரிசலில் ஓடினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. வேதிப்பொருள் வந்துசேரும் வளைவின் வடிவத்தைப் பார்த்து இரண்டில் எது என்று ஊகிக்கவேண்டும். குளிர்ச்சி வந்து கதவைத் தட்டுவதற்கு முன்பு நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது. தடச் சோதனைக்குச் செலவிடத் தயங்கும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு புதுக் கிணற்றின் விலையோடு ஒப்பிட்டால் அது சில்லறைக் காசு.

பல்கலைக்கழகத்தில் இருப்பவன் இதில் என்ன செய்ய முடியும்? நிறுவனத்துப் பொறியாளர் அடுத்த கிணற்றுக்குப் பதில் சொல்லவேண்டியவர். அவர் பணி மாறிப் போவார், நிறுவனமே கைமாறும். வயலின் நினைவை வைத்திருக்கக்கூடிய இடம் கல்விக்கூடம். ஆனால் ஆண்டுக்கு எத்தனை கட்டுரை என்று கணக்குக் கேட்கும் காலத்தில், பதில் சொல்லப் பத்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் வயலோடு இருப்பது எளிதல்ல. அளவீடுகளைப் பூட்டி வைக்கும் நிறுவனங்கள் மறுபுறம். என் மாணவி ஒருத்தி மூன்றாண்டு உழைத்துப் பொருத்திய மாதிரியை, தரவு எங்களுடையது என்று கூறி, வெளியிட விடாமல் நிறுத்தியது ஒரு நிறுவனம். அந்த மாதிரி சொன்ன செய்தி அவர்களுக்கே உதவியிருக்கும். பொது நிலத்தின் அடியிலுள்ள அழுத்தம் பொதுச் சொத்து என்பது என் உறுதியான கருத்து. எடுக்கும் அளவு, செலுத்தும் அளவு, கண்காணிப்புக் கிணற்றின் அழுத்தம் ஆகிய மூன்றையாவது ஆண்டுதோறும் வெளியிடச் சட்டம் வேண்டும்.

வெளியிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நியூசிலாந்தின் ரோட்டோருவா நகரம் சான்றாக இருக்கிறது. ஊருக்குள் வீட்டுக்கு வீடு, விடுதிக்கு விடுதி கிணறு போட்டு வெந்நீர் எடுத்தார்கள். அங்குள்ள வக்கரேவரேவா பகுதியின் கெய்சர்கள், அதாவது பீறிட்டெழும் வெந்நீர் ஊற்றுகள், தளர்ந்தன. கண்காணிப்புக் கிணறுகளின் நீர்மட்டமும் ஊற்றுகளின் போக்கும் ஒரே கதையைச் சொன்னபோது, 1986-இல் அரசு பொஹுட்டு கெய்சரைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை மூட உத்தரவிட்டது. மக்கள் கடுமையாக எதிர்த்தார்கள். நீர்மட்டம் ஏறியது, உறங்கிப்போன ஊற்றுகளில் பல மீண்டும் எழுந்தன. அந்த ஊற்றுகளோடு தலைமுறைகளாகச் சமைத்தும் குளித்தும் வாழும் மாவோரி மக்களுக்கு அது ஆய்வறிக்கை அல்ல, வீடு திரும்பிய சொத்து. அளவீடு ஒன்று அரசாணையாகி, அரசாணை ஊற்றாகி எழுந்த அந்த நிகழ்வை என் மாணவர்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

இந்த அறிவு கையிலிருந்து கைக்குத்தான் போகிறது. ஆக்லாந்தின் புவிவெப்பக் கழகம் 1978-இல் தொடங்கியது. ஐஸ்லாந்தில் ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழகத்தின் பயிற்சித் திட்டம் 1979-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தது. கென்யா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, எல் சல்வடோர் என்று பல நாட்டு இளைஞர்கள் அங்கே கற்றுத் திரும்பினார்கள். 1981-இல் ஒல்கரியாவில் 15 மெகாவாட் எந்திரம் ஒன்றோடு தொடங்கிய கென்யா, இன்று தன் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதியைப் புவிவெப்பத்திலிருந்து எடுக்கிறது. அதைப் பெரும்பாலும் நடத்துகிறவர்கள் கென்யர்களே. ஒரு நாட்டின் பாறைக்குள் என்ன நடக்கிறது என்று அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரிந்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

இந்தியாவில் 300-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் பதிவாகியுள்ளன. இமாசலத்தின் மணிகரணில் குருத்வாராவின் சோறு ஊற்று நீரில்தான் வேகிறது. மின்சாரத்துக்கு முதலிடத்தில் நிற்பது லடாக்கின் புகா பள்ளத்தாக்கு. சுமார் 4,400 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 85 டிகிரியிலேயே கொதிக்கும். வெண்மையாகப் படிந்த போராக்சும் மஞ்சள் கந்தகமும் சூழ்ந்த ஊற்றுகள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 1970-களில் தொடங்கி அங்கே துளைகள் போட்டது. ஆழமானது 385 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. துளைகளில் 140 டிகிரி வரை பதிவானது. 2021 பிப்ரவரியில் ஓஎன்ஜிசி நிறுவனம் லடாக் நிர்வாகத்தோடும் லே மலை மேம்பாட்டு மன்றத்தோடும் அங்கே ஆழத் துளையிட ஒப்பந்தம் செய்தது. 140 டிகிரி என்ற எண்ணைக் கூட்டங்களில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேண்டிய எண் வேறு. ஆழத்தில் அழுத்தம் எவ்வளவு, பாறை எவ்வளவு திறந்திருக்கிறது, அடியிலிருந்து வரும் வெந்நீர் நொடிக்கு எத்தனை கிலோ? சூடு இருப்பதை ஊற்றே சொல்லிவிட்டது. மற்றதைக் கிணற்றைப் பல மாதம் ஓடவிட்டு அளந்தால்தான் சொல்ல முடியும்.

ஆகவே புகாவில் பணியாற்றப் போகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். உற்பத்தி தொடங்குவதற்கு முன்பே ஊற்றுகளின் வெப்பநிலை, ஓட்டம், குளோரைடு மூன்றையும் மாதந்தோறும் எழுதத் தொடங்குங்கள். வைராகெயில் ஊற்றுகள் ஏன் வற்றின என்று வாதாட முடிந்தது முன்பே எழுதிவைத்த பதிவு இருந்ததால்தான். கண்காணிப்புக்கென்றே ஒரு கிணற்றை ஒதுக்குங்கள். அதில் ஒரு துளி நீரும் எடுக்கவேண்டாம். முதல் டன்னிலிருந்தே திருப்பிச் செலுத்துங்கள். எண்களைப் பொதுவில் வையுங்கள். அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்களுக்கு அவர்கள் மொழியில் சொல்லுங்கள். சென்னையில் பெட்ரோலியப் பொறியியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை: ஹார்னர் வரைபடம் உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கொதிக்கும் நீரின் வெப்ப இயக்கவியலை அதோடு சேர்த்துப் படியுங்கள். புகாவுக்கு ஆள் தேவைப்படும்.